ஆண்டிபட்டி உண்மையிலேயே அதிமுகவின் கோட்டைதானா?

கேள்வி இதுதான்: எம்ஜிஆரும் ஜெயலலிதாவும் நின்று ஜெயித்த ஆண்டிபட்டி அதிமுகவின் கோட்டை என்றால், 2019-லும் 2021-லும் திமுக எப்படி ஜெயித்தது?

நான் தேனி மாவட்டத்துக்காரன், தேர்தல் பேச்சு என்றால் சோறு தண்ணி மறந்துவிடுகிற ஆள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். என் பதில்: இங்கே கோட்டை என்றால் அது இரட்டை இலையின் கோட்டை. அந்த இலைக்காரர்கள் தங்களுக்குள் சண்டை போட்டபோதெல்லாம் சூரியன் உள்ளே வந்துவிட்டது. 1996 மட்டும் வேறு கதை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

எம்ஜிஆர் வருவதற்கு முன்பே இங்கே அதிமுகதான். 1977-ல் அந்தக் கட்சி ஜெயித்தது, 1980-ல் லட்சிய நடிகர் எஸ்.எஸ்.ராஜேந்திரன் நின்று பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். எஸ்எஸ்ஆர் சும்மா சினிமா முகத்தை வைத்து வந்தவர் இல்லை, சேடப்பட்டிக்காரர், 1962-லேயே திமுக சார்பில் தேனியில் நின்று எம்எல்ஏ ஆனவர். ஆக, ஆண்டிபட்டி 'பத்திரமான தொகுதி' என்று அப்போதே கட்சிக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம் 1984. எம்ஜிஆருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, சென்னை அப்போலோவில் சேர்த்து, அங்கிருந்து அமெரிக்காவில் ப்ரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டுபோன நேரம். அந்த வருடம் அக்டோபர் கடைசியில் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்படுகிறார். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்துத் தேர்தல் வருகிறது, அதிமுக காங்கிரஸ் கூட்டணி. ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்த எம்ஜிஆர்தான் ஆண்டிபட்டி வேட்பாளர். ஆள் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே ஊரெல்லாம் பேச்சு. அதை அடக்க அவர் ப்ரூக்ளினில் இருக்கும் காட்சிகளைப் படம் பிடித்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். வேட்பாளர் ஒரு நாள்கூடத் தொகுதிக்குள் கால் வைக்கவில்லை, ஆனால் முப்பதாயிரம் ஓட்டுக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து மூன்றாவது முறையாக முதல்வர் ஆனார். (வாக்குப்பதிவு நடந்தது 1984 டிசம்பர் 24. அவர் இறந்தது 1987-ல் அதே டிசம்பர் 24. எங்கள் பக்கத்துப் பெரிசுகள் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.)

கோட்டை என்ற பெயர் இந்த 1984-ல் வந்தது. அதற்கு அடுத்த தேர்தலிலேயே விழுந்தது, அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

1989-ல் கட்சி ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று இரண்டாக உடைந்து கிடந்தது. இலை முடக்கப்பட்டு ஒருவருக்கு இரட்டைப் புறா, இன்னொருவருக்குச் சேவல். ஜானகி அம்மாள் கணவரின் தொகுதி என்று ஆண்டிபட்டியில் நின்றார். கொஞ்ச நாள் முதல்வராக இருந்தவர், எம்ஜிஆரின் மனைவி, எம்ஜிஆரின் தொகுதி, இதற்கு மேல் என்ன வேண்டும்? தோற்றார். ஜெயித்தது திமுகவின் ஆசையன். இரண்டு அணியும் வாங்கிய ஓட்டைக் கூட்டினால் திமுக வாங்கியதைவிட அதிகம். பக்கத்துத் தொகுதியான போடியில் ஜெயலலிதா அதே தேர்தலில் ஜெயித்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வாரிசு யார் என்று இந்தப் பக்கத்து மக்கள் அப்போதே ஓரளவு முடிவு செய்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1991-ல் இலை ஒன்று சேர்ந்தது, அதிமுக ஜெயித்தது. 1996-ல் மறுபடியும் திமுகவின் ஆசையன். அது மாநிலம் முழுக்க அடித்த அலை, ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார், அதிமுகவுக்கு மொத்தமே நாலு இடம். அந்த வருடத்தை வைத்து எந்தத் தொகுதியையும் எடை போடக் கூடாது.

2001-தான் சுவாரசியமானது. டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நிலத்தை வாங்கிய ஊழல் வழக்கில் தண்டனை இருந்ததால் ஆண்டிபட்டியிலும் கிருஷ்ணகிரியிலும் ஜெயலலிதாவின் மனு தள்ளுபடி, இரண்டுக்கு மேல் தொகுதியில் மனு போட்டதால் புவனகிரியிலும் புதுக்கோட்டையிலும் தள்ளுபடி. ஆண்டிபட்டியில் தங்க தமிழ்ச்செல்வன் நின்று ஜெயித்தார். எம்எல்ஏவாக இல்லாமலே முதல்வர் ஆன ஜெயலலிதாவின் பதவியேற்பு செல்லாது என்று செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, பக்கத்து பெரியகுளம் எம்எல்ஏ ஓ.பன்னீர்செல்வம் முதல்வர் ஆனார். டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்ததும் தங்க தமிழ்ச்செல்வன் ராஜினாமா செய்து இடத்தைக் காலி செய்து கொடுக்க, 2002 பிப்ரவரி இடைத்தேர்தலில் ஜெயலலிதா 41 ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்து மார்ச் மாதம் மறுபடியும் முதல்வர். விட்டுக் கொடுத்தவருக்கு மாநிலங்களவை இடம் கிடைத்தது.

2006-ல் ஆட்சி போனது, ஆனால் ஆண்டிபட்டியில் ஜெயலலிதா திமுகவின் சீமானை (நாம் தமிழர் சீமான் இல்லை, இவர் வேறு) சுமார் 25 ஆயிரம் வித்தியாசத்தில் தோற்கடித்தார். 2011-ல் அம்மா ஸ்ரீரங்கத்துக்குப் போய்விட, இங்கே மறுபடியும் தங்க தமிழ்ச்செல்வன், 2016-லும் அவரே.

ஜெயலலிதா மறைவுக்குப் பிறகு 1989 கதை திரும்பவும் நடந்தது. தங்க தமிழ்ச்செல்வன், கட்சியிலிருந்து பிரிந்து நின்ற டிடிவி தினகரன் பக்கம் போனார், 2017 செப்டம்பரில் தகுதி நீக்கம் செய்யப்பட்ட 18 எம்எல்ஏக்களில் ஒருவரானார், அந்தத் தகுதி நீக்கம் செல்லும் என்று 2018 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. 2019 ஏப்ரல் 18-ல் மக்களவைத் தேர்தலோடு சேர்த்து இடைத்தேர்தல். திமுக வேட்பாளர் மகாராஜன், அதிமுக வேட்பாளர் லோகிராஜன். இருவரும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி! இரண்டு பெரிய கட்சிக்கும் ஒரே வீட்டில் இருந்து வேட்பாளர் என்றால் சொந்தக்காரர்கள் பாடு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் ஆண்டிபட்டியில் தினகரன் கட்சியான அமமுகவின் அலுவலகத்தில் வருமான வரித்துறை சோதனை, தகராறு, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது, 1.48 கோடி ரூபாய் பறிமுதல். இத்தனைக்கும் பிறகு அண்ணன் மகாராஜன் 12 ஆயிரம் சொச்சம் வித்தியாசத்தில் ஜெயித்தார். அமமுக பிரித்த ஓட்டு இதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கணக்கு இவ்வளவுதான், இதில் ரகசியம் எதுவும் இல்லை.

2021-ல் அதே அண்ணன் தம்பி மறுபடியும் மோதினார்கள், வித்தியாசம் எட்டரை ஆயிரம் அளவுக்குக் குறைந்தது, ஆனாலும் அண்ணன்தான்.

சிலர் சொல்வது போல, முதல்வர் தொகுதியாக இருந்தும் ஒன்றும் கிடைக்காததால் மக்கள் கோபப்பட்டு மாற்றிப் போட்டார்கள் என்பதை நான் முழுசாக ஏற்க மாட்டேன். க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே ஜெயலலிதா இங்கே எம்எல்ஏவாக இருந்த காலத்தில்தான், அது இந்த மாவட்டத்துக்கே பெரிய விஷயம். தண்ணீர் பிரச்சினை, வருசநாட்டு மலைக்கிராமங்களின் சாலை, சக்கம்பட்டி நெசவாளர் பாடு எல்லாம் ஒவ்வொரு தேர்தலிலும் பேசப்படுகிற விஷயங்கள், இலை ஜெயித்தபோதும் பேசினார்கள், சூரியன் ஜெயித்தபோதும் பேசினார்கள்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். தினகரனுக்காகப் பதவியை இழந்த தங்க தமிழ்ச்செல்வன், 2019 மக்களவைத் தேர்தலில் அமமுக சார்பில் தேனியில் நின்று தோற்று, சில வாரத்திலேயே திமுகவுக்குப் போனார். 2024-ல் அதே தேனியில் திமுக வேட்பாளராக நின்று எம்பி ஆனார். எதிர்த்து நின்று தோற்றவர்களில் ஒருவர் டிடிவி தினகரன்.