அமெரிக்காவில் கட்சிக்காரர்களே தொகுதி எல்லையை வரைவார்களாமே, உண்மையா? அதிக ஓட்டு வாங்கிய கட்சிக்குக் குறைந்த சீட் கிடைப்பது எப்படி?

உண்மைதான். நான் இருப்பது வட கரோலினா மாநிலத்தில், கிரீன்ஸ்பரோ ஊரில். குடியுரிமை வாங்கி முதல் ஓட்டு போட்டது 2018இல். அன்றிலிருந்து இன்றுவரை அதே வீடுதான், ஆனால் தொகுதி மட்டும் நிலைக்கவில்லை. 2018இல் 13ஆம் தொகுதி, 2020இல் 6. 2024இலும் 6தான், ஆனால் இது வேறு 6. எங்கள் கவுண்டியையே (நம் ஊர் மாவட்டம் மாதிரி) 5, 6, 9 என்று மூன்றாக நறுக்கிவிட்டார்கள். என் துண்டு தெற்கே சார்லட்டுக்குப் பக்கத்து ஊர்கள்வரை நீண்டு கிடக்கிறது.

நடைமுறை இதுதான். பிரதிநிதிகள் சபையில் (நாடாளுமன்றத்தின் கீழவை) மொத்தம் 435 இடம். பத்து வருடத்துக்கு ஒரு முறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்ததும், எந்த மாநிலத்துக்கு எத்தனை என்று பங்கு பிரிப்பார்கள். 2020 கணக்கெடுப்பில் நியூயார்க்குக்கு ஒரு சீட் போனது. இன்னும் 89 பேர் கூடுதலாகக் கணக்கில் வந்திருந்தால் போயிருக்காது! எங்களுக்கு 13 இருந்தது 14 ஆனது.

கோடு போடுவது அந்தந்த மாநிலத்தின் வேலை. இந்தியாவில் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் மறுவரையறை ஆணையம் உட்காரும். இங்கே கலிஃபோர்னியா, அரிசோனா, மிஷிகன் போன்ற சில மாநிலங்களில்தான் தனி ஆணையம் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றமே வரைந்துகொள்ளும். வட கரோலினாவில் ஆளுநர் அந்த வரைபடத்தை வீட்டோ செய்யக்கூட முடியாது.

மிகக் கடுமையான விதி, ஒரு மாநிலத்துக்குள் தொகுதிகளின் மக்கள்தொகை சமமாக இருக்கவேண்டும் என்பது (1964 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு). எங்களுக்குத் தொகுதிக்குச் சுமார் 7,45,000 பேர். தலை எண்ணிக்கை சரியாக இருந்தால், கோடு எப்படி வளைந்தாலும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. 15 வாக்காளர்கள், தொகுதிக்கு 5 பேர் வீதம் மூன்று தொகுதிகள் என்று வையுங்கள். அ கட்சிக்கு 9 பேர், ஆ கட்சிக்கு 6 பேர். பென்சில் ஆ கட்சியிடம் இருக்கிறது. அ கட்சிக்காரர்களில் ஐந்து பேரை ஒரே தொகுதியில் அடைத்துவிடுவார்கள். மிச்சம் நாலு பேரை இரண்டு இரண்டாகப் பிரித்து, மற்ற இரண்டு தொகுதிகளிலும் தூவிவிடுவார்கள். முதல் தொகுதியில் அ கட்சிக்கு 5-0. மற்ற இரண்டிலும் ஆ கட்சிக்கு 3-2. ஆறு ஓட்டுக்கு இரண்டு சீட், ஒன்பது ஓட்டுக்கு ஒன்று. கள்ள ஓட்டு ஒன்றுகூட இல்லை.

2012இல் இங்கே நடந்தது இதேதான். மாநிலம் முழுக்க டெமாக்ரட்டுகளுக்குத்தான் சற்றே அதிக ஓட்டு, ஆனால் 13இல் கிடைத்தது 4 சீட், மீதி 9 குடியரசுக் கட்சிக்கு. 2016இல் திரும்ப வரைந்தபோது, பொறுப்பில் இருந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் டேவிட் லூயிஸ் ஒளிவுமறைவே வைக்கவில்லை. 10-3 என்று தங்கள் கட்சிக்குச் சாதகமாக வரைகிறோம், ஏனென்றால் 11-2 வரைய முடியும் என்று தோன்றவில்லை என்று குழுக் கூட்டத்திலேயே சொன்னார். 10-3தான் வந்தது.

அந்த வரைபடத்தைக் கண்ணால் பார்க்க லாரல் ஸ்ட்ரீட்டுக்குப் போனால் போதும். ஏ அண்ட் டி பல்கலைக்கழக வளாகத்துக்கு நடுவே ஓடும் சாதாரணத் தெரு. கறுப்பின மாணவர்களுக்கென்று தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் அது. 1960இல் வெள்ளையர்களுக்கு மட்டும் என்றிருந்த உணவுக் கவுன்ட்டரில் போய் உட்கார்ந்து போராட்டத்தைத் தொடங்கிய நாலு மாணவர்களும் அங்கே படித்தவர்கள். தொகுதி எல்லை சரியாக அந்தத் தெரு வழியே போனது. இந்தப் பக்கம் 6, அந்தப் பக்கம் 13. வகுப்புக்குப் போகத் தெருவைத் தாண்டினால் தொகுதியைத் தாண்டியாயிற்று. ஆயிரக்கணக்கான மாணவர் ஓட்டு இரண்டாகப் பிளந்து, இரு பக்கமும் கரைந்துபோனது. முதல் தடவை அதை வரைபடத்தில் பெரிதாக்கிப் பார்த்தபோது, ஏதோ அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன்.

வழக்கு போகவில்லையா என்றால், போனது. கட்சி ஆதாயத்துக்காகக் கோடு போடுவதைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று கைவிரித்துவிட்டது. மாநில நீதிமன்றம் தலையிட்டதால் 2020 தேர்தலுக்கு வளாகம் ஒன்றானது. 2022இல் நீதிமன்ற வரைபடத்தில் தேர்தல் நடந்து 7-7 வந்தது. ஆனால் இங்கே மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் கட்சி அடையாளத்தோடு தேர்தலில் ஜெயித்து வருகிறவர்கள்தான். அதே 2022 தேர்தலில் அந்த நீதிமன்றத்தில் பெரும்பான்மை குடியரசுக் கட்சிப் பக்கம் மாறியது. கட்சி ஆதாயத்துக்காக வரையக்கூடாது என்ற முந்தைய தீர்ப்பையே 2023இல் திருப்பிவிட்டார்கள். புது வரைபடம் வந்தது, 2024இல் குடியரசுக் கட்சிக்கு 10-4. அதே நாளில் அதே மக்கள் ஆளுநராகத் தேர்ந்தெடுத்தது டெமாக்ரட்டை. ஆளுநருக்கும் அமெரிக்க செனட்டுக்கும் (நாடாளுமன்ற மேலவை) மாநிலமே ஒரு தொகுதி, அங்கே இந்தக் கத்திரி செல்லாது.

ஒரு கட்சியை மட்டும் குறை சொல்லமாட்டேன். மேரிலாந்தில் 2011இல் டெமாக்ரட்டுகள் வரைந்த 3ஆம் தொகுதியை, சிறகொடிந்த டெரோடாக்டைல் (டைனோசர் காலத்துப் பறக்கும் பிராணி) மாதிரி இருக்கிறது என்று ஒரு நீதிபதி எழுதினார். 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் கெரி கையெழுத்திட்ட தொகுதி சாலமாண்டர் (பல்லி மாதிரிப் பிராணி) போல இருந்ததால்தான் இந்த வேலைக்கு 'ஜெரிமேண்டரிங்' என்ற பெயரே வந்தது (அவர் பெயரை 'கெ' என்று உச்சரிக்கவேண்டும், வார்த்தையில் 'ஜெ' ஆகிவிட்டது). டெமாக்ரட்டுகள் நகரங்களில் நெருக்கியடித்து வாழ்வதால் தானாகவே கொஞ்சம் நஷ்டப்படுவதும் உண்மை. 2025இல் டெக்சஸும் பதிலுக்குக் கலிஃபோர்னியாவும் பத்து வருடம் காத்திருக்காமல் நடுவிலேயே வரைந்துகொண்டன.

2024 நவம்பரில் என் வாக்குச்சீட்டில் பிரதிநிதிகள் சபை வரிசையில் இரண்டே பெயர்: ஒரு குடியரசுக் கட்சிக்காரர், ஒரு சிறு கட்சிக்காரர். டெமாக்ரட் வேட்பாளரே இல்லை, நின்று என்ன பயன் என்று விட்டுவிட்டார்கள் போல. அதனால் நான் அதிகம் யோசித்து வட்டத்தைக் கறுப்பாக்கியது மண், நீர் பாதுகாப்பு மேற்பார்வையாளர் பதவிக்குத்தான். ஆமாம், இங்கே அதற்கும் தேர்தல் உண்டு. கட்சி கிடையாது, முழு கவுண்டியும் ஒரே தொகுதி.