உன்னை பஸ்ஸுக்கு அடியில் தள்ளிவிட்டாள் என்றால் என்ன?

தங்கச்சி, பிரிட்டனில் கேர் ஹோம் எனும் பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்த புதிதில், மருந்து சார்ட்டில் கையெழுத்து விட்டுப்போனதற்கு சீனியர் ஒருவர் மீட்டிங்கில் உன் பெயரைச் சொன்னார், வெளியே வந்ததும் கூட வேலை செய்யும் பெண் "ஷீ த்ரூ யூ அண்டர் த பஸ்" என்றாள், இதற்கு என்ன அர்த்தம், பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய்.

தன் தலை தப்பினால் போதும் என்று கூட இருப்பவரை மாட்டிவிடுவதைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். இது பிரிட்டிஷ் அரசியலில் வளர்ந்த பேச்சு. பிரதமர் மார்கரெட் தாட்சரை பதவியிலிருந்து இறக்க அவர் பஸ்ஸில் அடிபட்டால்தான் உண்டு என்று அந்தக் காலத்தில் பேசிக்கொண்டார்கள். அர்ஜென்டினாவுடன் நடந்த ஃபாக்லண்ட் போர் முடிந்த 1982 ஜூனில், ஜூலியன் கிரிட்ச்லி என்ற எம்.பி. 'டைம்ஸ்' பத்திரிகையில் அதே பஸ்ஸை வைத்து எழுதினார். 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில்தான் இது எல்லோர் வாயிலும் புகுந்தது.

அப்படி மற்றவர் பழியைச் சுமப்பவரை ஸ்கேப்கோட் என்பார்கள். அந்தச் சொல் இன்னும் பழையது. பைபிளை ஆங்கிலத்தில் பெயர்த்த வில்லியம் டிண்டேல் 1530-இல் உருவாக்கியது. லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தில் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களுக்குச் சீட்டுப் போடுவார்கள். ஒன்று பலியாகும். மற்றதன் தலையில் ஆசாரியர் இரண்டு கைகளையும் வைத்து, ஜனங்களின் பாவத்தையெல்லாம் அதன்மேல் சுமத்தி, உயிரோடு வனாந்தரத்துக்கு ஓட்டிவிடச் சொல்வார். தமிழ் பைபிளில் அதற்குப் போக்காடு என்று பெயர். பலிகடா என்று நாம் சொல்வதைவிட உன் நிலைமைக்கு இதுதான் பொருந்துகிறது. இங்கே யாரும் சத்தம் போட மாட்டார்கள், சிரித்த முகமாகவே பேசுவார்கள். ஆனால் பழி உன் ஃபைலில் ஏறிவிடும்.

புதிதாக வந்தவர்கள் தலையில் இது விழுவதற்குக் காரணம் விசா. வேலை போனால், விசாவைக் கவனிக்கும் அரசுத் துறையான ஹோம் ஆபீஸின் கடிதம் வந்த பிறகு, வேறு வேலை தேடவோ கிளம்பவோ பொதுவாக 60 நாள்தான் கிடைக்கும். அந்தப் பயத்தில் நம் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. நீ பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இன்றைக்கே மேனேஜருக்கு ஒரு ஈமெயில் போடு. எந்த ஷிஃப்ட், முந்தைய ஷிஃப்ட் ஆளிடம் எத்தனை மணிக்கு ஹேண்ட்ஓவர் வாங்கினாய், அப்போதே அந்தக் கையெழுத்துக் கட்டம் காலியாக இருந்ததா, யாரிடம் சொன்னாய் என்பது மட்டும் போதும். யாரையும் குற்றம் சொல்லாதே. அந்த மெயிலின் பிரதியை நீயும் வைத்துக்கொள். ஆனால் மருந்து சார்ட்டை போனில் படம் எடுத்துவிடாதே. அதில் நோயாளிகள் விவரம் இருக்கிறது, அதுவே தனிக் குற்றமாகிவிடும். அப்புறம், யூனியனில் சேர்ந்துவிடு. பிரச்சினை வந்த பிறகு சேர்ந்தால் பழைய விஷயத்துக்குப் பெரும்பாலும் உதவ மாட்டார்கள்.

ஒழுங்கு நடவடிக்கை என்று முறையாகக் கூப்பிட்டால் தனியாகப் போகாதே. யூனியன் ஆளையோ, கூட வேலை செய்பவரையோ அழைத்துப் போக 1999-ஆம் ஆண்டு சட்டம் உரிமை தருகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. உன்னிடம் வந்து அந்த வார்த்தையைச் சொன்னாளே, அந்தப் பெண்ணிடம் கேட்டுப் பார். நடந்ததை நேரில் பார்த்தவள், உனக்காக வருவாள் என்றுதான் எனக்குப் படுகிறது.