நஞ்சுக்கொடி ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள்

கேள்வி: எனக்கு இது 14-ஆவது வாரம். ஸ்கேனில் பிள்ளையின் கழுத்துக்குப் பின்னால் நீர் கூடுதலாகத் தெரிந்ததால், திருவனந்தபுரம் போய் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பரிசோதித்தோம். சில செல்களில் 16-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கிறதாம், மற்ற செல்கள் சரியாக இருக்கின்றனவாம். ‘மொசைசிசம்’ என்று எழுதியிருக்கிறார்கள். கலைத்துவிடலாம் என்கிறார் மாமியார். எனக்குத் தூக்கமே இல்லை.
- ஒரு வாசகி, தக்கலை

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. ஊசியில் எடுத்தது நஞ்சுக்கொடியின் செல், பிள்ளையின் செல் இல்லை. இரண்டும் ஒரே கருவிலிருந்து வந்தவைதான், ஆனால் முதல் சில நாட்களிலேயே தனித்தனியாகப் பிரிந்துவிடுவதால் ஒன்றில் இருக்கிற கோளாறு மற்றதில் இல்லாமல் போகலாம். இந்தப் பரிசோதனை செய்யும் நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு இப்படிக் கலவையாக வருகிறது, அவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு நஞ்சுக்கொடியோடு நின்றுவிடுகிறது. ரிப்போர்ட்டில் போட்டிருக்கும் சதவீதம் பிள்ளைக்கு வரப்போகும் குறையின் அளவு என்று நினைக்காதீர்கள்.

பிள்ளையைப் பற்றித் தெரிய 16 வாரம் ஆனதும் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்க வேண்டும், செல்களை வளர்த்துப் பார்க்க இரண்டு மூன்று வாரம் ஆகும். கரு கலையும் ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. தாயின் ரத்தத்தில் செய்கிற பரிசோதனை போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதிலும் வருவது நஞ்சுக்கொடியின் டிஎன்ஏதான். 16-ஆவது குரோமோசோம் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று வர வேண்டும்; இரண்டும் ஒருவரிடமிருந்தே வந்திருக்கிறதா என்பதையும் அந்த நீரிலேயே பார்க்கச் சொல்லுங்கள். 20 வாரம் வாக்கில் பிள்ளையின் இதயத்துக்குத் தனி ஸ்கேன் வேண்டும், கழுத்து நீர் கூடுதலாக இருந்ததால் இதை விடவே கூடாது.

நீர்ப் பரிசோதனை நன்றாக வந்தாலும் 16-ஆவது குரோமோசோம் விஷயத்தில் நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் பிள்ளை எடை குறையலாம், உங்களுக்கு பிபி ஏறலாம். அதனால் பிரசவம் வரை வளர்ச்சி ஸ்கேனும் பிபியும் தவறாமல் பாருங்கள். பிள்ளையிடமும் கோளாறு இருந்தால்? அப்போதும் யோசிக்க நேரம் இருக்கிறது: 2021-இல் திருத்திய சட்டப்படி, கடுமையான குறைபாடு என்றால் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு கலைக்கலாம், அதற்கு மேல் மருத்துவக் குழு பார்த்துச் சொல்லும். முடிவு உங்களுடையது, சம்மதம் எழுத வேண்டியதும் நீங்கள்தான்.

இது செல் பிரியும்போது நடக்கிற பிசகு. நீங்கள் சாப்பிட்டதாலோ வேலை செய்ததாலோ வந்ததில்லை, பெரும்பாலும் குடும்ப வழியாக வருவதும் இல்லை. மரபணு ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், இதையெல்லாம் அவரும் நேரில் கேட்கட்டும்.