அழகு ரேகையும் பிடிக்கழுத்தும்

கேள்வி: உரிமம் பெற்று வைத்திருக்கும் என் போல்ட் ஆக்‌ஷன் வேட்டை ரைஃபிளின் பிளாஸ்டிக் கட்டையைக் கழற்றிவிட்டு, வால்நட் மரத்தில் நானே ஒரு கட்டையைச் செதுக்கிப் பொருத்த விரும்புகிறேன். அடி முதல் நுனி வரை அலையலையாக ரேகை ஓடும் பலகை ஒன்று கையில் இருக்கிறது. மரக்கட்டை போட்டால் குறி மாறிக்கொண்டே இருக்கும் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: பாதி உண்மை. மரம் ஈரக்காற்றில் உப்பும், வறண்ட காற்றில் சுருங்கும். நீளவாக்கில் அது அனேகமாக அசையாது, ரேகைக்குக் குறுக்கே நன்றாகவே அசையும். முன்கட்டை அப்படி வளைந்து குழலைத் தொட்டுவிட்டால், சுடும்போது குழல் அதிரும் விதம் மாறி, குண்டு விழும் இடமும் நகர்ந்துவிடும். ஆகவே குழலுக்கும் மரத்துக்கும் நடுவே, ஒரு தாளை மடித்து நுனியிலிருந்து அடிவரை தடையின்றி இழுக்கும் அளவுக்கு இடைவெளி விட்டுச் செதுக்குங்கள்.

எனக்குக் கவலை தருவது உங்கள் பலகைதான். கை பற்றும் கழுத்துப் பகுதிதான் கட்டையிலேயே மெலிந்த இடம்; பின்னுதைப்பின் சுமை வந்து சேர்வதும் அங்கேதான். அங்கே ரேகை கழுத்தோடு இணையாக நேராக ஓட வேண்டும். குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் என்றாவது ஒருநாள் அந்த ரேகை வழியே பிளக்கும். அலங்கார ரேகை தோளில் பதியும் பின்பகுதியில் இருந்தால் போதும். ஒளி ஊடுருவும் தாளில் கட்டையின் வடிவத்தை வெட்டி, பலகையின் மேல் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். கழுத்துக்கு நேர் ரேகை எங்கும் கிடைக்காவிட்டால், அந்தப் பலகையில் நகைப்பெட்டி செய்துகொள்வதே அதற்கு மரியாதை.

மரம் காய்ந்துவிட்டதா என்பதற்குத் தராசே சாட்சி: மாதம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், எடை குறைவது நின்ற பிறகு உளியை எடுக்கலாம். உலோகப் பகுதியைப் பொருத்தும்போது அதன் மேல் எண்ணெயில் குழைத்த விளக்குக்கரியை மெல்லியதாகத் தடவி, மரத்தில் அமுக்கி எடுத்து, கரி ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டுங்கள். நூறு முறையாவது ஏற்றி இறக்க நேரும். உலோகப் பகுதியின் அடியில் துருத்தி நின்று பின்னுதைப்பைத் தாங்கும் கீழ்முட்டின் பின்முகம் மரத்தோடு முழுமையாகப் படிய வேண்டும்; ஆனால் உலோகத்தின் பின்முனையில் வால்போல் நீளும் பகுதி மரத்தை முட்டக் கூடாது, அங்கே மயிரிழை இடைவெளி விடாததால் பிளந்த கட்டைகள் ஏராளம். அந்த முட்டு அமரும் குழியில் எபாக்சிப் பசை வார்ப்பவர்கள் உலோகத்துக்கு முதலில் மெழுகு பூச மறந்தால், துப்பாக்கி கட்டையோடு ஒட்டிக்கொள்ளும்.

முன்முனைக்குக் கருங்காலியோ எருமைக்கொம்போ ஒட்டுவது வழக்கம். அது அழகுக்கு மட்டுமே. மெருகுக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பின் அடுத்தது என்று தேய்த்து ஏற்றுங்கள். உலோகம் அமரும் குழிகளின் உட்புறத்தையும், தோளில் படும் பின்பட்டைக்கு அடியில் மறையும் வெட்டுமுகத்தையும் விட்டுவிடாதீர்கள். ஈரம் நுழைவது அந்த வழியாகத்தான். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றும், விரித்துக் காயவிடுங்கள்.

ஒவ்வொரு முறை கழற்றும் முன்பும் துப்பாக்கியின் தோட்டா அறையிலும் உறையிலும் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கட்டை பூட்டியதும் விசையும் பாதுகாப்புத் தாழும் மரத்தில் உரசாமல் இயங்குகின்றனவா என்று துப்பாக்கிப் பழுதுநீக்குநர் ஒருவரிடம் காட்டிய பிறகே சுடுங்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் அந்த மடித்த தாளை மறுபடி ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.