விட்ட இடத்திலிருந்து

வணக்கம். இரண்டு ஆண்டுகளாக நின்றுபோயிருந்த ஒரு நாவல் மொழிபெயர்ப்பைச் சென்ற மாதம் கையில் எடுத்தேன். 112-ஆம் பக்கம் வரை முன்பே முடித்திருந்தேன். 'மொழிபெயர்ப்பை மீண்டும் தொடங்கிவிட்டேன்' என்று நண்பருக்கு எழுதினால், 'செய்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டீர்களா?' என்று பதறுகிறார். நான் எழுதியது பிழையா? 'தொடர்கிறேன்' என்றிருக்க வேண்டுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிழையில்லை. ஆனால் அவர் பதறியதிலும் நியாயம் இருக்கிறது. நின்றதை நின்ற இடத்திலிருந்து எடுப்பதும் 'மீண்டும் தொடங்குவது'தான். அடியிலிருந்து செய்வதும் அதுதான். மழையால் நின்ற கிரிக்கெட் ஆட்டம் மீண்டும் தொடங்கியது என்றால் யாரும் குழம்புவதில்லை, எடுத்த ரன்கள் அப்படியே இருக்கும் என்று தெரியும். மொழிபெயர்ப்புக்கு அந்த வசதி இல்லை.

'தொடர்' என்றாலும் சிக்கல் தீராது. 'மொழிபெயர்ப்பைத் தொடர்கிறேன்' என்றால் நடுவில் அது நின்றிருந்ததே தெரியாது. 'தொடர்ந்து மொழிபெயர்க்கிறேன்' என்றாலோ, இரண்டு ஆண்டுகளும் ஓயாமல் உழைத்ததாகவே ஆகிவிடும்!

'மீண்டும்' என்பதை இன்று 'இன்னொரு முறை' என்று மட்டுமே படிக்கிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அது மீள் என்ற வினையின் எச்சம். 'மீண்டு', அதோடு ஓர் 'உம்'. போனவர் திரும்பி வருவதுதான் மீள்வது. நோயிலிருந்து மீண்டார் என்கிறோம், இரங்கல் செய்தியில் 'மீளாத் துயர்' என்கிறோம். இலங்கைத் தமிழில் இவ்வினை இன்றும் துலக்கமாகப் புழங்குகிறது: 'பணிகள் மீள ஆரம்பிக்கப்பட்டன', 'மீள்குடியேற்றம்'. (இதன் பிறவினையில் பலர் தடுக்கி விழுகிறார்கள். அடகு நகையை மீட்டான், வீணையை மீட்டினான். நகையை 'மீட்டினான்' என்று எழுதாதீர்கள்.)

உங்கள் வாக்கியத்துக்கு நான் சொல்வது, 'விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.' சற்று நீளம்தான். ஆனால் நிறுத்தியதும் அதில் இருக்கிறது, நிறுத்திய இடமும் இருக்கிறது. பேச்சில் எல்லோரும் இயல்பாகச் சொல்வதுதான். எழுதும்போது ஏனோ விட்டுவிடுகிறோம். என் கையெழுத்துப் படியின் ஓரத்தில் நாள்தோறும் வேலையை விட்டு எழுந்திருக்கும் முன் பென்சிலால் 'இங்கே விட்டது' என்று குறித்துவைப்பேன். மறுநாள் கண் நேராக அங்கேதான் போகும்.

முடித்த 112 பக்கங்களையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு 113-க்குப் போங்கள். இரண்டு ஆண்டுகளில் உங்கள் நடை மாறியிருக்கும். ஒட்டுப்போட்டது தெரியக் கூடாது.

அன்புடன்.