காரணம் பிடிபடாத வாந்தி – மழலை நலம் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மகனுக்கு 22 மாதம் ஆகிறது. பல மாதங்களாக அடிக்கடி வாந்தி எடுக்கிறான். சில இரவுகளில் பால் குடித்துப் படுத்த கொஞ்ச நேரத்தில் இருமி, குடித்ததை எல்லாம் கக்கிவிடுகிறான். இது போக, ஐந்தாறு வாரத்துக்கு ஒரு முறை விடியற்காலையில் எழுந்து வாந்தி எடுக்க ஆரம்பித்தால், வயிற்றில் ஒன்றுமே இல்லாதபோதும் மதியம் வரை ஓங்கரித்துக்கொண்டே இருக்கிறான். மறுநாள் எதுவும் நடக்காதது போல ஓடியாடுகிறான். காய்ச்சலோ பேதியோ இல்லை, எடையும் குறையவில்லை. வயிற்று ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாமியார் மாந்தம் என்கிறார். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது, தொக்கம் எடுக்க அழைத்துப் போகலாம் என்கிறார். நாங்கள் என்ன செய்வது? – வாசகி ஒருவர், குடியாத்தம்.

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு வேறு வாந்திகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதால்தான் காரணம் பிடிபடாமல் போகிறது என்று நினைக்கிறேன்.

முதலில் இரவு வாந்தி. மகன் ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு நாள் அளந்து பாருங்கள். எழுந்ததும் ஒரு பாட்டில், சோறு வேண்டாம் என்றால் ஒரு பாட்டில், தூங்க வைக்க ஒரு பாட்டில் என்று பல வீடுகளில் கணக்கு ஒரு லிட்டரைத் தொட்டுவிடுகிறது. இந்த வயதில் அரை லிட்டருக்கு மேல் தேவையில்லை. அதற்கு மேல் போனால் பசி மந்தமாகும், மலம் இறுகும், இரும்புச்சத்துக் குறைந்து இரத்தசோகை வரும். மலச்சிக்கலே வாந்திக்கு ஒரு காரணம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. படுத்துக்கொண்டு பாட்டிலில் குடிக்கும் பழக்கத்தை நிறுத்திவிட்டு, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே டம்ளரில் பாலைக் கொடுத்து முடித்துவிடுங்கள். சளியைத் துப்பத் தெரியாத வயது என்பதால், பிள்ளைகள் அதை விழுங்கி, இருமல் வரும்போது பாலோடு சேர்த்து வெளியே தள்ளுவார்கள். பாலைக் குறைத்த பிறகும் இரவு இருமல் நீடித்தால், மருத்துவர் பார்க்க வேண்டியது வயிற்றை அல்ல, மூச்சுக்குழாயை. கைப்பேசியைக் காட்டிக்கொண்டே பின்னால் ஓடி ஊட்டும் வீடு உங்களுடையதாக இருந்தால், அதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். வாய்க்குள் திணிக்கப்படும் கடைசி நான்கு வாய் பெரும்பாலும் வெளியேதான் வரும்.

விடியற்கால வாந்திதான் கவனமாக ஆராயப்பட வேண்டியது. வாரக்கணக்கில் இடைவெளி விட்டு, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நேரத்தில் அதே விதமாகத் தொடங்கி, சில மணி நேரமோ ஓரிரு நாளோ நீடித்து, பிறகு முழுமையாக நின்று, நடுவில் பிள்ளை நன்றாகவே இருந்தால், சுழற்சி வாந்தி என்ற நோயை நாங்கள் நினைப்போம். பெற்றோருக்கோ அவர்களின் உடன்பிறந்தவர்களுக்கோ ஒற்றைத் தலைவலி இருந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும். உங்கள் பக்கத்திலும் கணவர் பக்கத்திலும் கேட்டுப் பாருங்கள். சளிக்காய்ச்சல், தூக்கம் கெடுதல், இரவு சாப்பிடாமல் தூங்கிவிடுதல், திருவிழா, ஊர்ப்பயணம் போன்றவை இதைத் தூண்டக்கூடும். ஆனால் மற்றவை இல்லை என்று உறுதியான பிறகே இந்தப் பெயரைச் சூட்டலாம். குடல் பிறவியிலேயே இடம் மாறி அமைந்து அவ்வப்போது முறுக்கிக்கொள்வது, சிறுநீர்த் தொற்று, உடலில் சர்க்கரையும் கொழுப்பும் எரிவதில் உள்ள பிறவிக் குறைகள் ஆகியவை அந்த மற்றவற்றில் முக்கியமானவை. சாதாரண ஸ்கேன் சரியாக இருந்தது என்பதால் மட்டும் குடல் முறுக்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதற்கு மருந்தைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே உண்டு.

இதில் பெற்றோர் பெரும்பாலும் தவறவிடுவது நேரத்தை. வாந்தி நின்று பிள்ளை சிரித்து விளையாடும் நாளில் இரத்தம் எடுத்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சர்க்கரை, கீட்டோன், அம்மோனியா, உப்புகள் ஆகியவற்றை வாந்தி நடந்துகொண்டிருக்கும்போதே, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் பார்க்க வேண்டும். எனவே அடுத்த முறை தொடங்கியதும், அது நிற்கட்டும் என்று காத்திருக்காமல், குழந்தைகள் நலப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். வேலூரில் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. கையில் ஒரு நோட்டும் இருக்கட்டும். வாந்தி தொடங்கிய மணி, முந்திய இரவு என்ன சாப்பிட்டான், எத்தனை முறை எடுத்தான், என்ன நிறம், கடைசியாக எப்போது சிறுநீர் போனான், எப்போது மலம் கழித்தான் என்பவற்றை எழுதி, வாந்தி பட்ட வெள்ளைத் துணியைப் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், மருத்துவருக்கு அது பழைய ரிப்போர்ட்டுகளின் கட்டைவிட அதிகம் உதவும்.

நிறத்தை ஏன் கேட்கிறேன் என்றால், இலைப்பச்சையாக வரும் வாந்தி அறுவை மருத்துவர் உடனே பார்க்க வேண்டிய ஒன்று. பித்தம் என்று சொல்லி எலுமிச்சைச் சாறு கொடுத்து வீட்டில் வைத்திருக்கும் அந்த நேரத்தில் குடலுக்கு இரத்த ஓட்டம் நின்றுபோகலாம். இரத்தம் கலந்த வாந்தி, வயிறு உப்பிக் கல்லாவது, விட்டுவிட்டு வீறிட்டழுது காலை மடக்குவது, மலத்தில் இரத்தச் சளி, எழுப்பினாலும் விழிக்காத சோர்வு ஆகியவையும் அதே அவசரம்தான்; இரவென்று பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். காலை வாந்தியோடு நடை தள்ளாடினாலோ, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருந்தாலோ, கண் மாறுகண்ணானாலோ தலைக்கு ஸ்கேன் தேவைப்படும். அதையும் ஒத்திப்போட வேண்டாம்.

மாமியாரோடு வாதாட வேண்டாம். திருஷ்டி சுற்றிப் போடுவதில் கெடுதல் ஒன்றும் இல்லை. சுற்றிவிட்டே மருத்துவமனைக்குக் கிளம்பலாம். ஆனால் தொக்கம் எடுக்கிறோம் என்று தொண்டைக்குள் விரல் விடுவதும், வயிற்றைப் பிசைந்து தட்டுவதும், வசம்பு உரைத்துக் கொடுப்பதும் கூடாது. வசம்பே வாந்தியைக் கிளப்பும்.

கேள்வி: ஒன்றரை வயது மகளுக்கு வாந்தியும் பேதியும். ஓ.ஆர்.எஸ். கொடுத்தால் அதையும் கக்குகிறாள். பாக்கெட்டில் பாதியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து கொடுக்கிறோம். – ஆரணி வாசகர்.

பதில்: கலக்கும் அளவு தவறு. பாக்கெட்டில் 1 லிட்டர் என்று அச்சிட்டிருந்தால், முழுப் பாக்கெட்டையும் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் கொட்டிக் கரைக்க வேண்டும். கைப்பதமாக அடர்த்தியாகக் கலந்தால் உடலில் உப்பு ஏறி ஆபத்தாகும். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கீழே ஊற்றிவிடுங்கள். வாந்தி எடுத்ததும் பத்து நிமிடம் விட்டு, ஒரு சின்னக் கரண்டி, அதாவது 5 மில்லி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் கொடுங்கள். தாகத்தில் டம்ளரைப் பிடுங்குவாள், விடாதீர்கள். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையானால் அதை நிறுத்த வேண்டாம். கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் பழச்சுவைப் பானங்களில் சர்க்கரை அதிகம். அவை பேதியைக் கூட்டும். அண்ணனுக்கு வாங்கி மிச்சமிருக்கும் வாந்தி சிரப்பை அளவு தெரியாமல் ஊற்றாதீர்கள். கத்திரி வெயிலில் நம் பகுதிப் பிள்ளைகள் மிக விரைவில் வறண்டுபோவார்கள் என்பதால், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். பிள்ளைகளுக்குக் கடும் பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரஸைத் தடுக்கும் சொட்டு மருந்து 2017 முதல் தமிழ்நாட்டு அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் 6, 10, 14-வது வாரங்களில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. நாடெங்கும் தரப்படும் ரோட்டா மருந்துகளில் ஒன்றைப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. உங்கள் மகளின் தடுப்பூசி அட்டையில் அந்தக் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்த்து, அட்டையையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.