கேன்சருக்கு அப்புறம் எலும்புக்கு எந்த மருந்து? டாக்டர் பதில்கள்

கேள்வி: வணக்கம் டாக்டரம்மா. எனக்கு 62 வயசு. ரெண்டு வருஷம் முன்னாடி இடது மார்புல கட்டி, ஹார்மோன் பாசிட்டிவ்னு சொன்னாங்க, தஞ்சாவூர்ல ஆபரேஷன் பண்ணி கரண்டும் (கதிர் சிகிச்சை) வெச்சாங்க, இப்ப தினம் லெட்ரோசோல் மாத்திரை. போன மாசம் எலும்பு அடர்த்தி பாக்க எடுத்த டெக்ஸா ஸ்கேன்ல முதுகெலும்பு மைனஸ் 2.9, இடுப்பு மைனஸ் 2.3, எலும்புத் தேய்வுன்னாங்க. டாக்டர் வருஷத்துக்கு ஒருதரம் டிரிப்ஸ்ல ஏத்தற ஜோலெட்ரானிக் ஆசிட் போடலாம்ங்கறார். எதிர்வீட்டு அக்கா அவங்க ஆறு மாசத்துக்கு ஒருதரம் போட்டுக்கற ஊசிதான் நல்லதுங்கறாங்க. சென்னைல இருக்க பையன், எலும்பையே புதுசா வளர்க்கற ஊசி இருக்காமே அதைக் கேளும்மாங்கறான். எனக்கு சுகர் இருக்கு. கை முட்டியெல்லாம் வலி தாங்கல, லெட்ரோசோலை நிறுத்திட்டா எல்லாம் சரியாயிடுமான்னும் தோணுது.
(மன்னார்குடி வாசகி)

பதில்: அம்மா, நீங்க கடைசில கேட்டதுக்கு முதல்ல வரேன். நிறுத்திடாதீங்க. மாதவிடாய் நின்னப்புறமும் உடம்பு கொழுப்புல கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் ஊறிக்கிட்டே இருக்கும், உங்க கட்டி வளர்ந்தது அதைத் தின்னுதான், லெட்ரோசோல் அந்த மிச்சத்தையும் நிறுத்துது. எலும்புக்கும் அதே ஈஸ்ட்ரோஜன்தான் காவல்ங்கறதால காவல் போனதும் எலும்பு வேகமா கரையுது. ஆனா உங்க முட்டி வலி எலும்பு கரையறதால வர்றது இல்ல. அது லெட்ரோசோலோட மூட்டு வலி, நிறைய பேருக்கு வரும். எலும்புத் தேய்வு சத்தமே போடாது, உடையற வரைக்கும் வலிக்காது. வலி தாங்கலன்னா கேன்சர் டாக்டர்கிட்ட சொல்லுங்க, அதே வகை மாத்திரையான அனஸ்ட்ரோசோலுக்கோ எக்ஸிமெஸ்டேனுக்கோ மாத்திப் பாப்பாங்க, சிலருக்கு டாமோக்ஸிஃபென் கூட. நீங்களா நிறுத்திட்டு மூணு மாசம் கழிச்சு சொல்றதுதான் ஆபத்து. ஆனா முதுகுல ஒரே இடத்துல புதுசா வலி வந்து ராத்திரியும் விடலன்னா அதை மூட்டு வலி கணக்குல சேர்க்காதீங்க, உடனே போய்க் காட்டுங்க.

இப்ப பையன் சொன்ன ஊசி. அது டெரிபாராடைட், தினம் ஒண்ணு தோலுக்கடியில போடறது. நல்ல மருந்துதான், கேன்சரே வராத ஒருத்தருக்கு முதுகெலும்பு ரெண்டு மூணு நொறுங்கியிருந்தா நானே எழுதுவேன். ஆனா உங்களுக்கு மார்புல கரண்ட் வெச்சிருக்காங்க, அந்தக் கதிர் விலா எலும்பு மேலயும் பட்டிருக்கும். எலும்பு மேல கதிர் பட்டவங்களுக்கும், கேன்சர் எலும்புக்குப் பரவினவங்களுக்கும் இந்த ஊசியைத் தவிர்க்கணும்னு மருந்தோட குறிப்புலயே இருக்கு. பையன் நெட்ல படிச்சது தப்பில்ல, அம்மாவோட பழைய ஃபைலையும் சேர்த்துப் படிச்சிருக்கணும், அவ்வளவுதான். ராலாக்ஸிஃபென்னு ஒரு மாத்திரையையும் யாராவது சொல்வாங்க, லெட்ரோசோல் சாப்பிடறவங்களுக்கு அது கூடாது. மெனோபாஸ் ஹார்மோன் மாத்திரை பக்கமே போக வேணாம்.

எதிர்வீட்டு அக்காவோடது டெனோசுமாப்பா இருக்கும், 60 மி.கி., ஆறு மாசத்துக்கு ஒருதரம். லெட்ரோசோல் மாதிரி மாத்திரை சாப்பிடற பெண்கள்கிட்டயே இதைச் சோதிச்சிருக்காங்க, 2015ல வந்த ஆஸ்திரிய ஆய்வுல எலும்பு முறிவு கிட்டத்தட்ட பாதியாச்சு. கிட்னி பலவீனமானவங்களுக்கும் குடுக்கலாம், ஆனா அவங்களுக்கு ரத்தத்துல கால்சியம் திடீர்னு இறங்கும், அதைக் கவனமா பாத்துக்கணும். அப்புறம் என்ன தயக்கம்னா, இது புலிவாலைப் பிடிச்ச கதை. ஒரு ஊசி தள்ளிப்போச்சுன்னா, ஏழாவது மாசம் தாண்டிச்சுன்னா, அதுவரை அடங்கியிருந்த எலும்புத் தேய்வு மொத்தமா கிளம்பும், சிலருக்கு முதுகெலும்பு அடுத்தடுத்து நொறுங்கியிருக்கு. நிறுத்தணும்னாலும் சும்மா நிறுத்த முடியாது, பின்னாடியே ஜோலெட்ரானிக் மாதிரி ஒண்ணைக் குடுத்துதான் இறங்கணும். இதோட இந்த ஊசி ஃப்ரிட்ஜ்லயே இருக்கணும். 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப உங்க பக்கமெல்லாம் எத்தனை நாள் கரண்டு இல்லாம கிடந்துச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. 2020 லாக்டவுன்ல பஸ் இல்லாம தேதி தள்ளிப்போனவங்களும் இருக்காங்க. சொன்ன தேதில போட்டுக்க முடியும்னு உறுதியா இருக்கறவங்க எடுத்துக்கலாம். அக்காவுக்கு இதையெல்லாம் யாராவது சொன்னாங்களான்னு கேளுங்க, சொல்லலன்னா நீங்க சொல்லுங்க.

அதனால என் கட்சி உங்க டாக்டர் கட்சிதான். ஜோலெட்ரானிக் ஆசிட் எலும்புக்குள்ள போய் உக்காந்துக்கிட்டு வருஷக்கணக்குல வேலை செய்யும், ஒரு தடவை ரெண்டு மாசம் லேட்டானா ஒண்ணும் குடி முழுகாது. இன்னொரு காரணமும் இருக்கு. 2015ல பல ஆய்வுகளைச் சேர்த்து 18 ஆயிரத்துக்கும் மேல பெண்களோட கணக்கைப் பாத்தாங்க. மாதவிடாய் நின்னவங்கள்ல இந்த வகை மருந்து எடுத்துக்கிட்டவங்களுக்கு எலும்புல கேன்சர் திரும்பறது குறைஞ்சிருந்துச்சு, பத்து வருஷத்துல மார்பகப் புற்றால இறந்தவங்க எடுக்காத பக்கம் நூத்துக்கு 18, எடுத்த பக்கம் 15க்குக் கொஞ்சம் கீழ. ஆனா அவங்கள்ல பெரும்பாலானவங்க சிகிச்சையோட ஆரம்பத்துலயே தொடங்கினவங்க, உங்களுக்கு ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு, அதனால அந்த லாபத்தை முழுசா எதிர்பாக்காதீங்க. கிடைச்சா கிடைக்கட்டும், நீங்க போட்டுக்கறது எலும்புக்காக. டெனோசுமாப்ல அப்படி ஒரு லாபம் உறுதியா வரல.

போடறதுக்கு முன்னாடி கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பாக்கணும், சுகர் இருக்கறதால கண்டிப்பா. கிரியாட்டினின் கிளியரன்ஸ் 35க்குக் கீழன்னா இந்த டிரிப்ஸ் வேணாம். மெடிக்கல்ல நீங்களே வாங்கிப் போடற வலி மாத்திரையை ஊசிக்கு முன்னாடி ஒரு வாரமாவது விட்டுடுங்க, ரெண்டும் சேர்ந்தா கிட்னிக்கு அடி. விட்டமின் டி கம்மின்னா முதல்ல அதைச் சரி பண்ணணும், இல்லன்னா டிரிப்ஸுக்கு அப்புறம் கால்சியம் இறங்கி வாய் சுத்தி மரத்துப்போகும், கை இழுக்கும். எலும்புத் தேய்வுக்கு வருஷத்துக்கு ஒண்ணுன்னா 5 மி.கி., கேன்சர் டாக்டர்கள் ஆறு மாசத்துக்கு ஒருதரம் போடறது 4 மி.கி., ரெண்டும் வேற வேற பாட்டில், எதைப் போடறாங்கன்னு கேட்டு நோட்டுல எழுதி வெச்சுக்கோங்க. அன்னிக்கு நல்லா தண்ணி குடிச்சுட்டுப் போங்க, டிரிப்ஸ் குறைஞ்சது கால் மணி நேரமாவது ஓடணும், அவசரப்பட விடாதீங்க. மறுநாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், பாரசிட்டமால் போதும், பெரும்பாலும் முதல் தடவைதான் அப்படி.

மருந்து பாதிதான்ம்மா. மார்கழில வாசல்ல முதுகை வளைச்சு குனிஞ்சு ஒரு மணி நேரம் கோலம் போடறது, தண்ணிக் குடத்தைக் குனிஞ்சு தூக்கறது, இந்த ரெண்டும் மைனஸ் 2.9 முதுகெலும்புக்கு வேணாம். மணைல உக்காந்து சின்னதா போடுங்க, பெருசு மருமக போடட்டும்.

கேள்வி: என் அம்மாவுக்கும் இதே கேன்சர், அவங்களுக்கு வாராவாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை குடுத்திருக்காங்க. காலைல எழுந்ததும் காபி இல்லாம ஒண்ணும் ஓடாது, காபியோடவே போட்டுக்கறாங்க, நெஞ்செரிச்சல்னு வேற சொல்றாங்க.
(கும்பகோணம் வாசகர்)

பதில்: அப்ப அந்த மாத்திரைல பெரும்பகுதி உடம்புல சேரலன்னு வெச்சுக்கோங்க, உணவுக்குழாயைப் புண்ணாக்கினதுதான் மிச்சம். வெறும் வயித்துல ஒரு டம்ளர் நிறைய சாதாத் தண்ணியோட முழுங்கிட்டு அரை மணி நேரம் நிக்கணும் இல்ல நிமிர்ந்து உக்காரணும், படுக்கக்கூடாது. கால்சியம் மாத்திரையும் அந்த நேரம் கூடாது. டிகிரி காபி அரை மணி நேரம் காத்திருக்கும். இப்படிப் போட்டும் நெஞ்செரிச்சல் நிக்கலன்னா டிரிப்ஸுக்கு மாத்தச் சொல்லிக் கேளுங்க.

கேள்வி: அடுத்த வாரம் எலும்பு ஊசி. கடைவாய்ப் பல் ஒண்ணு ஆடிக்கிட்டு இருக்கு. ஊசிக்குப் பதிலா பிரண்டைத் துவையல் சாப்பிட்டாலே போதும்னு மாமியார் சொல்றாங்க.
(திருவையாறு வாசகி)

பதில்: பல்லை முதல்ல பிடுங்கிடுங்க, புண் ஆறினப்புறம் ஊசி. ஜோலெட்ரானிக், டெனோசுமாப் ரெண்டுலயும் அபூர்வமா தாடை எலும்பு ஆறாம அழுகும், பெரும்பாலும் ஊசிக்கு அப்புறம் பல் பிடுங்கினவங்களுக்குத்தான். ஊசி சில வாரம் தள்ளினா பரவால்ல, ஏற்கெனவே டெனோசுமாப்ல இருந்தீங்கன்னா மட்டும் தேதியை நீங்களா தள்ளாம டாக்டரைக் கேளுங்க. பிரண்டைத் துவையலைத் தாராளமா சாப்பிடுங்க, மாமியார் அரைச்சுக் குடுத்தா இன்னும் நல்லது. கேப்பங்களியும் முருங்கைக்கீரையும் அதே மாதிரிதான். ஊசிக்குப் பதிலா ஆகாது. பிரண்டை கேப்சூல்னு டப்பால வர்றதை மட்டும் கேன்சர் டாக்டர்கிட்ட காட்டாம வாங்காதீங்க.